பதினெட்டு நிரம்பிய பின்னர்

ஒருவருக்கு 18 வயது நிரம்பும் நாளில் அவர் உரிமை வயதை அடைந்துவிடுகிறார் என்பது 1875ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டுச் சட்டம் வகுத்துள்ள பொது விதி. அன்று முதல் அவர் ஒப்பந்தங்களில் கையொப்பமிடலாம். தம் பெயரில் வீடு வாடகைக்கு எடுக்கலாம். சட்டத்தின் பார்வையில் இது பெரிய மாற்றம். ஆனால் சாதாரணமான ஒரு குடும்பத்தில் அந்த நாள் மற்ற நாட்களைப் போலவே கழிகிறது. மகனுக்குப் புதுச் சட்டை வாங்குவார்கள், பாயசம் வைப்பார்கள், மறுநாள் காலையில் அவன் வழக்கம்போலத் தாமதமாக எழுந்து காப்பி கேட்பான். கல்லூரிப் படிப்பு, முதல் வேலை, அது சரிப்படாமல் இரண்டாவது வேலை, பின்னர் திருமணம் என்று அவன் தன் காலில் உறுதியாக நிற்பதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஆகலாம். அந்தப் பத்து ஆண்டுகளும் பெற்றோரின் வீட்டுக் கதவு அவனுக்குத் திறந்தே இருக்கும்.

அரசாங்கத்தின் பொறுப்பில் வளர்ந்த குழந்தைக்கு நிலைமை வேறு. குழந்தைகள் இல்லத்திலோ, வளர்ப்புப் பராமரிப்பு என்னும் ஏற்பாட்டின்கீழ் மற்றொரு குடும்பத்திலோ வளரும் சிறுவனும் சிறுமியும் 18 வயது வரையில்தான் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். அந்த வயது கடந்ததும் இல்லத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே 'விடுவிக்கப்பட்டார்' என்ற குறிப்பு விழுகிறது. ஓர் இரும்புப் பெட்டி, சில துணிமணிகள், சான்றிதழ்கள் அடங்கிய ஓர் உறை ஆகியவற்றுடன் வெளியே வரும் அந்த இளைஞர் அன்றிரவு எங்கே படுப்பார் என்ற கேள்வி, கேட்பதற்கு எளியதாகவும் விடை சொல்வதற்கு அரியதாகவும் இருக்கிறது. இவ்விளைஞர்களுக்குச் சட்டம் என்ன செய்திருக்கிறது, நடைமுறையில் எங்கே தடை நேருகிறது, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் தமிழர்களாகிய நாம் இதில் செய்யக் கூடியது என்ன என்பவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். இல்லங்களில் வளரும் குழந்தைகள் அனைவரும் தாய் தந்தையரை இழந்தவர்கள் அல்லர். தாயோ தந்தையோ உயிருடன் இருந்தும், வறுமையினாலும் நோயினாலும், சிறைவாசத்தினாலும், குடும்பம் சிதறிப்போனதனாலும் வளர்க்க இயலாமற்போன குழந்தைகள் பலர் அங்கே இருக்கின்றனர். வீட்டை விட்டு ஓடிவந்து இரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டவர்களும், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்டவர்களும் உண்டு. மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுள்ள குழந்தைகள் நலக்குழு ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் விசாரித்து, சொந்தக் குடும்பத்துக்குத் திருப்பியனுப்புவதா, தத்துக் கொடுப்பதா, வளர்ப்புப் பராமரிப்பில் வைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவு செய்கிறது. முதல் மூன்றும் இயலாத பொழுது நான்காவது வழியை நாட வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து.

இத்துறையில் சென்னை மாகாணம் வழிகாட்டியாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான், ஆண்டு 1920. வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் அதனைப் பின்பற்றின. விடுதலைக்குப் பின்னர் மத்திய ஆட்சிப் பகுதிகளுக்கென 1960இல் ஒரு குழந்தைகள் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான முறையை ஏற்படுத்தும் நோக்குடன் 1986இல் இளைஞர் நீதிச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை மாற்றியமைத்து 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதற்கும் பதிலாக 2015இல் இப்பொழுது நடைமுறையிலுள்ள சட்டமும் வந்தன. இது 2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது.

இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்குச் செய்ய வேண்டிய உதவிக்குப் 'பிற்காப்பு' என்று பெயர். இச்சொல் புதிதன்று. 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பிற்காப்பு நிறுவனங்களுக்கு இடம் இருந்தது. அதற்கும் முன்பே, 1953இல் நிறுவப்பட்ட மத்திய சமூக நல வாரியம் பிற்காப்புத் திட்டங்களை ஆராய்வதற்கென ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்தது. ஆகவே நம் நாட்டில் எழுபது ஆண்டுகளாக இப்பிரச்சினை அறியப்பட்டே இருக்கிறது. ஆயினும் குழந்தையை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் வாயிலில் இருந்த கவனம், இளைஞனை வெளியே அனுப்பும் வாயிலில் இருந்ததில்லை. சேர்க்கையைப் பார்ப்பதற்கு அதிகாரிகள், குழுக்கள், நீதிமன்றங்கள் என்று பலர் உண்டு. வெளியேறியவரைப் பின்தொடர்ந்து பார்ப்பவர் அரிது.

2015ஆம் ஆண்டுச் சட்டம் பிற்காப்பு என்பதற்குத் தெளிவான பொருள் கூறுகிறது. 18 வயது நிரம்பி, 21 வயது நிரம்பாதவராய், நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறிச் சமூக வாழ்வில் கலக்கும் ஒருவர்க்குப் பணமாகவோ பிற வகையிலோ அளிக்கப்படும் ஆதரவே பிற்காப்பு. அச்சட்டத்தின் 46ஆவது பிரிவு, அவ்வாறு வெளியேறுபவர்க்கு நிதியுதவி அளிக்கப்படலாம் என்று கூறுகிறது. 2016இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட மாதிரி விதிகளில் 25ஆவது விதி இதனை விரிவாக்குகிறது. கல்வி, தொழிற்பயிற்சி, வேலை வாய்ப்பு, தங்குமிடம் ஆகியவற்றுக்கான திட்டத்தை மாநில அரசாங்கங்கள் வகுக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தற்காலிகமாக வாழ்வதற்குரிய குழுவீடுகள், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, சிறுதொழில் தொடங்கக் கடன், மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகர் ஆகியவை அதில் குறிக்கப்பட்டுள்ளன. தொகை இளைஞரின் வங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்பட வேண்டும். 21 வயதுக்குப் பின்னரும் விசேஷ காரணம் இருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள், அதாவது 23 வயது வரையில், இவ்வுதவியை நீட்டிக்கலாம்.

ஏட்டில் பார்த்தால் குறையொன்றும் இல்லை எனத் தோன்றும். ஆனால் சட்ட வாசகங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வினைச்சொல்லின் கடைசி எழுத்துக்களை உற்றுநோக்கும் பழக்கம் உண்டு. 'அளிக்கப்படும்' என்பது ஒன்று. 'அளிக்கப்படலாம்' என்பது வேறொன்று. முன்னது உரிமை, பின்னது கருணை. 46ஆவது பிரிவில் இருப்பது 'படலாம்' என்னும் சொல்லே. திட்டம் வகுக்கும் கடமை மாநில அரசாங்கத்துக்கு உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஓர் இளைஞர், 'எனக்குரிய உதவியைக் கொடுங்கள்' என்று உரிமையோடு கேட்பதற்கு அந்தப் பிரிவு உறுதியான பிடிப்பைத் தரவில்லை. நிதி இருந்தால், அதிகாரி முனைந்தால், இளைஞருக்கு விண்ணப்பிக்கத் தெரிந்தால் உதவி கிடைக்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் வெறுங்கையுடன் நிற்கிறார்.

தொகையின் அளவையும் நோக்க வேண்டும். 2022இல் வகுக்கப்பட்ட 'மிஷன் வாத்சல்யா' வழிகாட்டு நெறிகளின்படி பிற்காப்பு பெறும் ஒருவர்க்கு மாதம் 4,000 ரூபாய் என்று கணக்கிடப்பட்டுள்ளது. முந்தைய திட்டத்தில் இருந்ததைவிட இது இருமடங்கு. முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் டில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ குடித்தனம் நடத்தும் நேயர்களுக்கு 4,000 ரூபாயில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வாடகை கொடுத்த பின் உணவுக்கு இல்லை. உணவுக்கு வைத்துக்கொண்டால் வாடகைக்கு இல்லை. படிப்பைத் தொடர விரும்பும் மாணவன், அப்படிப்பை விட்டுவிட்டுக் கிடைத்த கூலிக்குப் போக நேர்வது இதனால்தான்.

இனி, அந்த முதல் மாதத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இல்லமொன்றிலிருந்து வெளியேறிய ஓர் இளம்பெண்ணை எண்ணிக்கொள்வோம். தையற் பயிற்சியோ கணினிப் பயிற்சியோ பெற்றவள். ஒரு சிறு அலுவலகத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. வாடகைக்கு அறை கேட்டு ஒரு வீட்டுக்குச் செல்கிறாள். வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "அப்பா என்ன செய்கிறார்?" என்பது. அடுத்து, "சொந்த ஊர் எது? முன்பணத்துக்கு யார் பொறுப்பு?" என்பது. மூன்று கேள்விகளுக்கும் அவளிடம் விடை இல்லை. உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படுகிறது. பொய் சொன்னால் ஒருநாள் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம் உடனிருக்கிறது. வீட்டு முகவரி இல்லாமல் சமையல் எரிவாயு இணைப்பு கிடைப்பதில்லை. வங்கிக் கணக்கில் முகவரியை மாற்ற முடிவதில்லை. முகவரிக்குச் சான்று வேண்டுமென்றால் வீடு வேண்டும். வீடு வேண்டுமென்றால் ஆளைத் தெரிந்தவர் வேண்டும்.

அறை கிடைத்த பின்னரும் இடர்கள் ஓயவில்லை. இல்லத்தில் மணி அடித்தால் எழுவது, மணி அடித்தால் உண்பது, மணி அடித்தால் விளக்கணைப்பது என்றே வளர்ந்தவள் அவள். உப்பும் புளியும் என்ன விலை என்று அறியும் சந்தர்ப்பமே அவளுக்கு வாய்த்ததில்லை. நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்பைப் பார்த்திருக்கிறாள். ஒருத்திக்குச் சமைக்கும் அளவு தெரியாது. முதற் சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைந்துபோனால் அது ஊதாரித்தனமன்று. பணத்தைப் பங்கிட்டுச் செலவழிக்கும் பழக்கத்தை எவரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை என்பதே பொருள். நம் வீட்டுப் பிள்ளைகள் கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிய பொழுதெல்லாம், தாங்கள் அறியாமலே ஒரு பள்ளியில் பயின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளி இல்லத்துக் குழந்தைக்குக் கிட்டுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தனிமை வருகிறது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படும்பொழுது, அவள் போவதற்கு ஊர் இல்லை. வேலையிடத்தில் மேலாளர் கடிந்துகொண்டால், 'போனால் போகிறது, வேறு வேலை பார்த்துக்கொள்' என்று சொல்லித் தேற்றுவாரும் இல்லை. எனவே அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறாள். அல்லது ஒரு சொல் பொறாமல் வேலையை விட்டுவிட்டுத் திண்டாடுகிறாள். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, 18 வயதில் ஒரு மாப்பிள்ளையைத் தேடிக் கட்டிவைத்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நினைக்கும் பழக்கமும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வாழ்க்கையைத் தானே நடத்தத் தெரியாத நிலையில் செய்துவைக்கப்படும் திருமணம் பாதுகாப்பு ஆகாது. ஒருவரைச் சார்ந்திருந்த நிலை மற்றொருவரைச் சார்ந்திருக்கும் நிலையாக மாறுகிறது, அவ்வளவுதான்.

சான்றிதழ்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் வேறு எந்த இடரையும்விட இது எளிதில் தீர்க்கக் கூடியது. தீர்க்கப்படாவிட்டால் ஆயுள் முழுவதும் துன்புறுத்துவது. பிறந்த தேதிச் சான்று, ஆதார் அட்டை, பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய ஐந்தும் இல்லத்தில் இருக்கும்பொழுதே கைக்கு வந்துவிட வேண்டும். அடையாளச் சான்று பெறுவதற்கு உதவுவது குழந்தைகள் இல்லங்கள் செய்ய வேண்டிய பணிகளுள் ஒன்று என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆவது பிரிவு சொல்கிறது. கடவுச்சீட்டைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாறுதல் 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத ஆதரவற்ற குழந்தைகளுக்கு, இல்லத்தின் தலைவர் தம் நிறுவனத்தின் தாளில் எழுதித் தரும் உறுதிமொழியே போதும் என்று வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது.

சாதிச் சான்றிதழ் இன்னும் சிக்கலானது. பெற்றோர் யார் என்றே தெரியாதவர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்று எழுதுவது? தமிழ்நாடு இதற்கு முன்பே ஒரு வழி கண்டது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவின்றி, அரசாங்கம் நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்க்கப்பட்ட குழந்தைகளை அம்மாநிலத்தின் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. மகாராஷ்டிர அரசாங்கம் 2018இல் ஆதரவற்றோர்க்குக் கல்வியிலும் அரசாங்க வேலையிலும் ஒரு சதவீத ஒதுக்கீட்டை ஏற்படுத்தியது. ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் மற்றொரு மாநிலத்தில் செல்லாது என்பதை, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போய்ச் சான்றிதழுடன் அலைந்த நம்மவர் நன்கு அறிவர். தமிழ்நாட்டில் வளர்ந்து பூனாவில் வேலை தேடும் இளைஞனும், பம்பாயில் வளர்ந்து சென்னைக்குச் செல்லும் பெண்ணும் இந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொள்கின்றனர். புறப்படுமுன் எந்தச் சான்று எங்கே செல்லும் என்று தெளிவாகக் கேட்டறிந்துகொள்வது அவர்களுக்கு இன்றியமையாதது.

குடும்பத்திலே வளரும் வளர்ப்புப் பராமரிப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. இது தத்து எடுப்பதன்று. குழந்தை சட்டப்படி அக்குடும்பத்தின் வாரிசு ஆவதில்லை. நலக்குழுவின் மேற்பார்வையில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, அக்குடும்பம் குழந்தையை ஏற்று வளர்க்கிறது. இதற்கென 2016இல் வகுக்கப்பட்ட மாதிரி வழிகாட்டு நெறிகள் 2024இல் திருத்தப்பட்டன. அதன்படி, திருமணமாகாதவரும் துணையை இழந்தவரும் மணவிலக்குப் பெற்றவரும்கூடத் தகுதியிருந்தால் குழந்தையை ஏற்கலாம். ஐந்து ஆண்டுகள் வளர்த்த பின்னரே தத்துக் கேட்கலாம் என்றிருந்த நிபந்தனை இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. இம்முறையில் வளர்ந்த குழந்தை அடுப்பங்கரையையும் கடைத்தெருவையும் அறிந்திருக்கும்; அது பெரிய நன்மை. ஆனால் 18 வயதில் அரசாங்கம் தரும் தொகை நின்றுவிடுகிறது. தொகை நின்ற பின்னும் பாசம் நிற்காத குடும்பங்கள் உண்டு. ஆனால் பாசம் இருந்தும் வசதியில்லாத குடும்பங்கள் என்ன செய்யும்? அத்துடன், சட்டத்தில் பிற்காப்பு என்பதன் விளக்கம் நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர் என்றே பேசுகிறது. குடும்பத்தில் வளர்ந்து வெளியேறுபவரையும் அவ்விளக்கம் ஐயத்துக்கிடமின்றித் தழுவுவது நல்லது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் இளைஞர், இருவருக்கும் சம்மதமானால், 21 வயது வரையில் அவ்வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம். உள்ளாட்சி மன்றம் அதற்கு ஆதரவளிக்க வேண்டும் என்று 2014இல் சட்டம் செய்தார்கள். அதற்கு முன்பே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, வெளியேறும் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனி ஆலோசகரும், எழுத்து மூலமான ஒரு வாழ்க்கைத் திட்டமும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2017இல் ஆலோசகரின் துணை 25 வயது வரையில் நீட்டிக்கப்பட்டது. செல்வம் மிகுந்த நாடு. அங்கும் குறைகள் உண்டு. எனினும் 18 என்பது ஒரு கோடு அன்று, ஒரு சாய்தளம் என்ற எண்ணம் அச்சட்டங்களில் தெரிகிறது.

நம் நாட்டிலும் அவ்வெண்ணம் பரவத் தொடங்கியிருக்கிறது. கொரோனாப் பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென 2021 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் திட்டத்தில், 18 வயது முதல் 23 வயது வரையில் மாதந்தோறும் உதவித்தொகையும், 23 வயதில் பத்து லட்சம் ரூபாயும் கிடைக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. இமாசலப் பிரதேசம் 2023இல் தனிச்சட்டம் இயற்றி, ஆதரவற்ற குழந்தைகளை 'மாநிலத்தின் குழந்தைகள்' என்று ஏற்றுக்கொண்டு, 27 வயது வரையில் அவர்களுடைய கல்விக்கும் வாழ்க்கைக்கும் பொறுப்பேற்றது. ஒரு நாட்டில் ஒரு குழந்தைக்கு 23 என்றும், மற்றொரு குழந்தைக்கு 27 என்றும், வேறொரு குழந்தைக்கு 18 என்றும் எல்லை இருப்பது நியாயமா என்ற கேள்வி எழலாம். எழவேண்டிய கேள்விதான். ஆனால் 23உம் 27உம் இயலும் என்று காட்டப்பட்டுவிட்ட பின்னர், 18க்கு மேல் இயலாது என்று சொல்வது எவர்க்கும் எளிதன்று.

நீதிமன்றங்களும் கவனம் செலுத்தியுள்ளன. தமிழ்நாட்டின் ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007இல் எழுந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்துமாறு ஆணையிட்டது. தனிப் பராமரிப்புத் திட்டம் என்பது வெறும் படிவமன்று. அக்குழந்தைக்கு எதில் நாட்டம், என்ன படிக்க வேண்டும், உறவினர் எவரேனும் உண்டா, வெளியே சென்றால் எங்கே தங்கும் என்பனவற்றை ஆண்டுதோறும் ஆராய்ந்து எழுதினால், 18ஆம் வயது திடீரென்று வந்து நிற்காது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு நெறிகளும் இதனையே கூறுகின்றன: ஆயத்தம் வெளியேறுவதற்கு வெகுநாள் முன்பே தொடங்க வேண்டும், இயன்றவரை ஒவ்வொருவர்க்கும் அதற்கென ஒரு தனி ஆள் துணையாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு தனி ஆள் என்பதில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் இருக்கிறது. நம்மவர் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வேலை தேடி வந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. சட்டைப் பையில் ஒரு விலாசம். மாதுங்காவிலோ கரோல்பாக்கிலோ தூரத்து உறவினர் ஒருவரின் அறை. ஒரே அறையில் நான்கைந்து பிரம்மசாரிகள். மாதக் கணக்குக்குச் சாப்பாடு போடும் மெஸ். வேலைக்கு எழுதிப்போடச் சொல்லி விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்த ஒரு மூத்தவர். பாஷை தெரியாத ஊரில் நம்மைக் காப்பாற்றியது நம்முடைய திறமை மட்டுமன்று. அந்த விலாசமும் அந்த மூத்தவரும்தாம். இல்லத்திலிருந்து வெளியே வரும் இளைஞரிடம் திறமை இருக்கலாம். சட்டைப் பையில் அந்த விலாசம் இல்லை. அவருடைய குறை இன்னதென்று விளங்கிக்கொள்ள ஊர் விட்டு வந்தவர்களைவிடத் தகுதியுள்ளவர் யார்?

செய்யக் கூடியவை பல. எல்லாமே பெரும் பொருட்செலவு கேட்பவை அல்ல. வீடு வைத்திருப்பவர் ஓர் அறையை நியாயமான வாடகைக்குக் கொடுக்கலாம். இயலாதவர், 'இவரை எனக்குத் தெரியும்' என்று வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லலாம். கடையோ தொழிற்கூடமோ நடத்துபவர் பயிற்சியாளராக ஒருவரை ஏற்கலாம். வங்கியில் பணியாற்றுபவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள இல்லத்துக்குச் சென்று, 16, 17 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்குவது, சேமிப்பது, கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். நம் தமிழ்ச் சங்கங்கள் விழாக்களுக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால், ஊருக்கு இரண்டு மூன்று இளைஞர்களுக்கேனும் துணை நிற்க முடியும். அவர்கள் தமிழ் பேசுபவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நமக்கு வாழ்வளித்த ஊரின் பிள்ளைகள் அவர்கள்.

இதனை முறைப்படி செய்வதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்னும் அலுவலகம் உண்டு. பிற்காப்புக்கு உதவ முன்வரும் நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று விதிகளே கூறுகின்றன. அங்கே சென்று பெயரைப் பதிந்துகொள்வது சிறந்தது. சரிபார்ப்பும் கேள்விகளும் இருக்கும். அவற்றால் மனம் கோணலாகாது. ஆதரவற்ற இளம்பருவத்தினரிடம் நல்லெண்ணம் உடையவர் மட்டுமே வருவதில்லை என்பதனால்தான் அந்தச் சரிபார்ப்பு. 18 வயது நிரம்பாத குழந்தை எவரேனும் தவித்து நிற்பதைக் கண்டால், இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. 1098 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிப்பதே முறை.

உதவி செய்வோர் தவிர்க்க வேண்டியவை சில உண்டு. அடைக்கலம் கொடுக்கிறோம் என்ற பெயரில் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது உதவியாகாது. பத்துப் பேர் நடுவே, 'இவன் அனாதை விடுதியில் வளர்ந்தவன். நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன்' என்று அறிமுகம் செய்வது கொடுத்ததைப் பறித்துக்கொள்வதற்குச் சமானம். தம் வரலாற்றை எவரிடம் சொல்வது, எப்பொழுது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கே உண்டு. முதல் வேலையை மூன்று மாதத்தில் விட்டுவிட்டால், 'இவ்வளவு செய்தும் நன்றியில்லை' என்று கோபிப்பதும் பொருந்தாது. நம் சொந்தப் பிள்ளைகள் முதல் வேலையை விட்டபொழுது நாம் அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அடுத்த விளம்பரத்தைத் தேடிக் கொடுத்தோம்.

இன்னொன்று. தொடங்கிவிட்டுப் பாதியில் விடுவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல். இவ்விளைஞர்கள் சிறு வயதிலிருந்தே பலர் வந்து போவதைக் கண்டவர்கள். பிறந்தநாளுக்கு இனிப்புக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு சென்றவர்கள் திரும்பி வராததை அறிந்தவர்கள். ஆகவே பெரிய வாக்குறுதிகள் வேண்டாம். மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசுவேன் என்று சொன்னால் தவறாமல் பேச வேண்டும். பொங்கலுக்குச் சாப்பிட வா என்று ஓராண்டு அழைத்தால் மறுஆண்டும் அழைக்க வேண்டும். பெருந்தொகை கொடுத்துவிட்டு மறைந்தவரைவிட, சிறு உதவியுடன் ஐந்தாண்டு காலம் தொடர்ந்து நின்றவரே அவர்களுக்குப் பயன்படுவார்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் செய்துவிட முடியாது, செய்யவும் கூடாது. 'அளிக்கப்படலாம்' என்பது 'அளிக்கப்பட வேண்டும்' என்று மாறுவதும், மாதத் தொகை பெருநகரங்களின் விலைவாசிக்கு ஏற்ப உயர்வதும், குழுவீடுகள் மாவட்டந்தோறும் அமைவதும், வெளியேறியவர்களின் நிலையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் விசாரித்து எழுதி வைப்பதும் சட்டமன்றங்களும் அலுவலகங்களும் செய்ய வேண்டிய காரியங்கள். அவற்றை நாம் கேட்க வேண்டும். ஆனால் வீட்டு வாசலில் நின்று, "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்கப்பட்டு விடையின்றி நிற்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் சட்டத் திருத்தம் உதவாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "எங்களுக்குத் தெரிந்த பெண்தான், வீடு கொடுங்கள்" என்று சொல்வதே உதவும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இந்தப் பிள்ளைகளை ஊட்டி வளர்க்கும் வேலையை வேறு பலர் செய்து முடித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது அவர்கள் நிமிர்ந்து நிற்கப் பழகும் சில ஆண்டுகளுக்கு அருகில் இருப்பது மட்டுமே.